சௌல்தாரி மஞ்சள் கல்

திருடிய பொருளுக்குப் பதிலாக அதே அளவில் இன்னொன்றை வைத்துவிட்டுப் போகும் திருடனைப் பற்றி சிவபிரகாஷ் தன் துப்பறியும் வாழ்க்கையில் கேள்விப்பட்டதே இல்லை. அந்த வாழ்க்கைக்கு இன்னும் ஒரு வயது முடியவில்லை என்பது வேறு விஷயம். அதற்கு முன் ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேஜையில் இருந்தவன். தங்க வந்தவர்களையெல்லாம் கிண்டல் செய்து வேலையைத் தொலைத்துவிட்டு இந்திராணியிடம் வந்து சேர்ந்தான். இங்கேயும் அதையேதான் செய்தான். ஆனால் இந்திராணி அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இந்திராணி கப்பல் சரக்குகளைப் பிரித்துப் பார்க்கும் உத்தியோகத்தில் பல காலம் இருந்தவள். மூட்டையைத் தட்டிப் பார்த்தே உள்ளே என்ன என்று சொல்லக்கூடியவள். அந்த வேலையை விட்ட பிறகு, போர்ட் பிளேயர் ஃபீனிக்ஸ் பே பகுதியில் டீக்கடை மாடியில் ஒரு அறை எடுத்து, மனிதர்களைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

அன்று காலை அவள் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் ராஜமாணிக்கம். நாமக்கல் பக்கத்துக்காரர். ஜல்லி, கருங்கல், தார் எல்லாம் சப்ளை செய்யும் காண்ட்ராக்டர். போர்ட் பிளேயரில் பாதிக் கட்டடங்களுக்கு அடியில் தன் கல்தான் கிடக்கிறது என்று சொல்லிக்கொள்வார். மேஜைமேல் அவர் ஒரு கல்லை வைத்திருந்தார். ஒரு கைப்பிடி அளவு, நல்ல செங்கல் சிவப்பு, சுற்றிலும் யாரோ செதுக்கிச் செதுக்கி எடுத்த தடங்கள்.

"என் கல்லு மஞ்சக் கல்லுங்க மேடம். முட்டையோட மஞ்சக் கருவாட்டம் இருக்கும். அதை எடுத்துப்போட்டு இந்தச் செவப்பை வெச்சுட்டுப் போயிட்டாங்க."

"நியாயமான திருடன் சார். எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் குடுத்திருக்கான்" என்றான் சிவபிரகாஷ்.

ராஜமாணிக்கம் அவனைப் பார்க்கவே இல்லை. கதையை இந்திராணியிடம்தான் சொன்னார். போர்ட் பிளேயருக்கு வெளியே சௌல்தாரியில் அவருக்கு ஒரு பாக்குத் தோட்டமும், அதன் நடுவே கட்டி முடிகிற நிலையில் ஒரு வீடும் இருந்தன. தோட்டத்து ஓரத்தில் ஒரு சிப்பி மேடு. ஆதிகாலத்து ஜனங்கள் நத்தையும் சிப்பியும் தின்று தலைமுறை தலைமுறையாகக் கொட்டிய ஓடுகள் குவிந்து உண்டான மேடு அது. ரூபா என்று ஒரு ஆராய்ச்சிப் பெண் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து அங்கே சிறிதாகக் குழி தோண்டிப் பார்த்தாள். அவள் முடித்துக் கிளம்பிய பிறகு, வாழைக்கன்று நட மண்ணைக் கிளறியபோது இந்த மஞ்சள் கல் கிடைத்தது. கேள்விப்பட்டுத் திரும்பி வந்து பார்த்ததுமே ரூபா சொல்லிவிட்டாள், இது அந்த ஆட்கள் ஆயுதம் செதுக்கி எடுத்த தாய்க்கல், அரசாங்கத்திடம் ஒப்படைத்தாக வேண்டும் என்று. ராஜமாணிக்கமோ புது வீட்டு ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அதை வைத்து, கீழே தன் பெயரைப் பொறிப்பதாக முடிவு செய்திருந்தார். நாளை பார்க்கலாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இழுத்தடித்தார். பீரோவில் வைத்துப் பூட்டினார். திறந்து பார்த்தால் இந்தச் சிவப்புக் கல்.

அவருடைய கணக்கு சுலபமானது. கல்லின் அருமை தெரிந்தவள் ரூபா ஒருத்திதான். அவள் இன்று பிற்பகல் கப்பலில் தெற்குக் கோடியிலிருக்கும் கேம்பல் பே ஊருக்குப் போகிறாள். கப்பல் கிளம்புவதற்குள் அவள் பையைச் சோதிக்க வேண்டும். போலீஸில் கொடுக்க டைப் அடித்த புகார் சட்டைப்பையில் தயாராக இருந்தது.

அப்படியானால் போலீசுக்கே போயிருக்கலாமே, என்னிடம் ஏன் வந்தீர்கள் என்று இந்திராணி கேட்டாள். சின்னப் பெண், பேர் கெட்டுவிடக் கூடாதே என்றுதான் என்றார் அவர். பெரிய மனசு என்று சிவபிரகாஷ் நினைத்தான். இந்திராணி அப்படி ஏதும் நினைத்த மாதிரி தெரியவில்லை. அவள் சிவப்புக் கல்லைக் கையில் எடுத்து, விரல் முட்டியால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டாள். பிறகு மூக்கருகே கொண்டுபோனாள்.

கல்லின் ஒரு குழிவில் நாலைந்து வெள்ளை மணல்துகள்கள் கறுப்பான எதிலோ ஒட்டிக்கொண்டிருந்தன. அதை நகத்தால் சுரண்டி முகர்ந்தவள், பீரோவில் தார் வைத்திருக்கிறீர்களா என்று சாதாரணமாகக் கேட்டாள். ராஜமாணிக்கம் திடுக்கிட்டு, தன் கையில் எப்போதும் தார் இருக்கும், தொழில் அப்படி என்றார்.

இன்னொன்றும் இருந்தது. கல் முழுக்க மங்கலாக இருக்க, ஒரே ஒரு இடத்தில் மட்டும் எண்ணெய் தடவியது போல் பளபளப்பு. அங்கே ஒரு சில்லு புதிதாகத் தெறித்திருந்தது. அதையும் கேட்டாள். ஆத்திரத்தில் தரையில் வீசியடித்ததை ராஜமாணிக்கம் ஒப்புக்கொண்டார்.

"திருடன் குடுத்த கல்லை இப்படியா சார் மதிப்பீங்க?" என்று சிவபிரகாஷ் வருத்தப்பட்டான்.

இந்திராணி சிவப்புக் கல்லைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். நான் சொல்கிறவரை இதைப் பற்றி ரூபாவிடம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று இருவரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு எழுந்தாள்.

கப்பல் ஏறும் துறையான ஜெட்டியில் வழக்கமான கூட்டம். வெங்காய மூட்டை, டயர், பிளாஸ்டிக் நாற்காலி, கூடைக் கோழி என்று பாதிச் சந்தை வரிசையில் நின்றது. ரூபா ஒரு தகரப் பெட்டியின்மேல் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தாள். வெயிலில் கறுத்த, மெலிந்த பெண். போர்ட் பிளேயரின் ஜங்லீகாட் பகுதியில் பிறந்து வளர்ந்தவள், அப்பா கப்பலில் சமையல் ஆள். மெயின்லேண்டில் படித்துவிட்டு, படித்ததை ஊரில் வந்து தேடுகிறவள். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்தது. ஆனால் சண்டை போடவில்லை. வடையைக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பெட்டியைத் தானே திறந்தாள்.

உள்ளே சிறு சிறு பாக்கெட்டுகளில் கல் சில்லுகள். ஒவ்வொன்றிலும் எங்கே, எந்த ஆழத்தில் எடுத்தது என்ற சீட்டு. முத்திரை குத்திய அனுமதிக் காகிதமும் இருந்தது. சிவபிரகாஷுக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது. ஆகவே ஒன்றும் அகப்படக் கூடாது என்று வேண்டிக்கொண்டே பார்த்தான். கடைசிப் பாக்கெட்டில் ஒரு சில்லு, புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரியது. முட்டையின் மஞ்சள் கரு நிறம்.

ராஜமாணிக்கத்தின் குரல் உச்சிக்குப் போனது. தன் கல்லை உடைத்துத் துண்டு துண்டாகக் கடத்துகிறாள் என்று ஜெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். வெங்காய மூட்டைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து புகாரை உருவினார்.

"நஹீ சார், இது குழிக்குள்ள எடுத்தது. உங்க கல்லு கிடைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்தது" என்றாள் ரூபா. "நீங்க புகார் குடுத்தா என் பர்மிட் கேன்சல் ஆயிடும். அப்புறம் எந்த ஐலண்ட்லயும் என்னைக் கால் வைக்க விடமாட்டாங்க. நான் பொறந்த ஊரு சார் இது."

அவள் கண் நிறைந்துவிட்டது. சிவபிரகாஷ், அக்கா ஏதாவது சொல்லுங்களேன் என்பதுபோல் இந்திராணியைப் பார்த்தான். இந்திராணியோ பக்கத்தில் இன்னொரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஏதோ கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிறவள் மாதிரி, அந்தக் காலத்து ஆட்கள் கல்லை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டாள்.

ரூபாவுக்கு முதலில் புரியவில்லை. ஆனால் யாராவது கேட்க மாட்டார்களா என்று இத்தனை நாள் காத்திருந்த கேள்வி அது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்துவிட்டாள். எல்லாக் கல்லும் ஆகாது. மாவு மாதிரி நைசாக, கண்ணாடி மாதிரி இறுக்கமாக, உள்ளே விரிசல் இல்லாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் நினைத்தபடி மெல்லிய சில்லாகப் பெயரும். அந்தச் சில்லுதான் கத்தி. மீன் அறுக்க, மூங்கில் சீவ, முடி மழிக்க. மழுங்கினால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைப் பெயர்ப்பார்கள். சௌல்தாரி மேட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும் கல்லையெல்லாம் விட்டுவிட்டு, எங்கோ ஒரு ஓடையிலிருந்து இந்த மஞ்சள் கல்லைச் சுமந்து வந்திருக்கிறார்கள்.

"அந்த ஓடையில போய்ப் பார்த்தேன் அக்கா. நிறைய கல்லுல ஒரே ஒரு சில்லு மட்டும் பேர்த்திருக்கு. பேர்த்துப் பார்த்துட்டு, சரியில்லேன்னு அங்கேயே போட்டுட்டாங்க."

"நாம வெண்டைக்காய் நுனியை ஒடிச்சுப் பாக்குற மாதிரி" என்றாள் இந்திராணி.

"கடைக்காரன் திட்டியிருப்பானே" என்றான் சிவபிரகாஷ். ரூபா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். அவனுக்கு அன்றைய நாள் பலித்துவிட்டது.

அடுத்து இந்திராணி கேட்டது விசித்திரமான கேள்வி. அவர்கள் கல்லைச் சமைப்பதுண்டா என்றாள். ரூபா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வேறு பல தேசங்களில் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்றாள். மண்ணுக்குள் புதைத்து மேலே தீ மூட்டி, மெல்லச் சூடேற்றி, மெல்ல ஆறவிட்டால் கல் இன்னும் கண்ணாடித்தன்மை பெற்று வாகாகப் பெயரும். நேரடியாக நெருப்பில் போட்டால் வெடித்துவிடும். சௌல்தாரி மேட்டுக்காரர்கள் அதைச் செய்தார்களா இல்லையா என்பதுதான் தன் ஆராய்ச்சியே என்றாள்.

"சுட்டா அந்தக் கல்லுக்கு..." என்று அவள் மேலே ஆரம்பிப்பதற்குள் இந்திராணி கையை உயர்த்தி நிறுத்தினாள். மீதியைச் சௌல்தாரியில் சொல்லலாம், எல்லோரும் கிளம்புங்கள் என்றாள்.

கப்பல் போய்விடுமே என்று ரூபா பதறினாள். இந்திராணி கப்பலில் ஏறாமல் ஜெட்டியில் கிடந்த மூட்டைக் குவியலை ஒரு பார்வை பார்த்து, பொழுது சாயாமல் இந்தக் கப்பல் நகராது என்று தீர்ப்புச் சொன்னாள். சற்று நேரத்தில் ஒலிபெருக்கியும் அதையே இந்தியில் சொல்லியது.

ரூபாவின் பெட்டியோடு ராஜமாணிக்கத்தின் ஜீப்பிலேயே போனார்கள். வழியெல்லாம் அவர் பீரோவின் உறுதியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். ஆனால் தோட்டத்தில் இறங்கியதும் இந்திராணி வீட்டுப் பக்கமே திரும்பவில்லை. வாசல்வரை புதிதாகத் தார் போட்ட பாதை கறுப்பாக மின்னியது. அதைக் குனிந்து பார்த்துவிட்டு, நேரே பின்பக்கத்துத் தகரக் கொட்டகைக்கு நடந்தாள். கொட்டகையில் பெரிய பூட்டு. அதைப் பார்த்ததும் ராஜமாணிக்கத்தின் நடை தளர்ந்தது.

"அங்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க மேடம். பழைய சாமான்."

"வீட்டுக்குக் கதவே இன்னும் வைக்கலை. பழைய சாமானுக்கு இவ்வளவு பெரிய பூட்டா?" என்றாள் இந்திராணி.

தோட்டத்துக் காவலாளி பழனியாண்டி சாவியோடு ஓடி வந்தான். கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். பயந்த சுபாவம். பாதை அழகாக இருக்கிறதே, யார் போட்டது என்று இந்திராணி பாராட்டியதும் பயம் தெளிந்து பேசத் தொடங்கினான்.

"நாங்கதாங்க போட்டோம். தாருக்கு மேல தூவுற மண்ணு ஈரமா இருந்திச்சின்னா ஒட்டாதுங்களே. ஐயா போன்ல சொன்னாங்க, டிரம்முல இருக்க மண்ணை வறுத்து வையின்னு. டிரம்மோட அடுப்புல ஏத்திட்டோம். விடிஞ்சதுலேர்ந்து பொழுது போற வரைக்கும் விறகு எரிஞ்சிச்சு. அப்புறம் தணல்லயே ஆற விட்டுட்டோம்."

கொட்டகைக்குள் கல் அடுப்பும், அதன்மேல் கரி பிடித்த தார் டிரம்மும் இருந்தன. டிரம்மில் பாதி மணல் மீதி. இந்திராணி ஒரு கை அள்ளினாள். வெள்ளை வெளேரென்று, சிப்பித் துணுக்குகள் கலந்த கடற்கரை மணல். இந்தத் தீவுகளில் கரையிலிருந்து மணல் அள்ளுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். போலீசுக்குப் போகாமல் தன்னிடம் ஏன் வந்தார் என்பதை அவள் விளக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ராஜமாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டார். பீரோ என்றது பொய். ரூபா எடுத்துப்போய்விடுவாளோ என்ற பயத்தில், யாருமே கைவைக்காத இடம் என்று கல்லை இந்த டிரம் மணலுக்குள் ஆழமாகப் புதைத்து வைத்திருந்தார். ஊரில் மற்றவர்கள் தங்கத்தைப் பூட்டுவார்கள், அவர் மணலைப் பூட்டுகிறவர். அப்புறம் பாதை வேலை மும்முரத்தில், மணலை வறுக்கச் சொன்னவரும் அவரே. எல்லாம் முடிந்து கையை விட்டுத் துழாவியபோது சிவப்புக் கல் வந்தது.

சொல்லி முடித்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "அப்போ பழனியாண்டி மாத்திட்டானுங்களா?"

பழனியாண்டி சாவிக்கொத்தைக் கீழே போட்டுவிட்டான். ஒருவர் தன் முட்டாள்தனத்தின் வாசல்வரை வந்து அழைப்பு மணியை மட்டும் அழுத்தாமல் நிற்பதை சிவபிரகாஷ் அன்றுதான் பார்த்தான். ஆனால் அவனுக்கும் அதுவரை ஒன்றும் புரிந்திருக்கவில்லை என்பதால் கம்பீரமாக மௌனம் காத்தான்.

இந்திராணி கைப்பையிலிருந்து சிவப்புக் கல்லை எடுத்து ரூபாவிடம் கொடுத்தாள். "உன்கிட்ட இருக்குற மஞ்சள் சில்லை இதுல எங்கயாச்சும் வச்சுப் பாரு."

கல்லைக் கையில் வாங்கியதுமே ரூபாவின் மூச்சு நின்றது. பாக்கெட்டைப் பிரித்தாள். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு பள்ளத்தில் சில்லைப் பொருத்தினாள். சேரவில்லை. அடுத்த பள்ளம். அதுவும் இல்லை. மூன்றாவது இடத்தில் வைத்து லேசாக நகர்த்தியதும், டப்பாவுக்கு மூடி போல் கச்சிதமாக உட்கார்ந்தது. நகம் நுழைய இடமில்லை. சிவப்புக் கல்லில் மஞ்சள் சில்லு.

"ரெண்டும் ஒரே கல்லு சார்" என்றாள் ரூபா மெதுவாக. "மஞ்சள் கல்லைச் சுட்டா செவப்பாயிடும். அந்தக் காலத்துல ஒருத்தர் இதுலேர்ந்து பேர்த்த சில்லு குழியில கிடந்தது. அதுக்குத் தீ படலை, அதனால மஞ்சளாவே இருக்கு. கல்லு மட்டும் உங்க டிரம்முல வெந்துடுச்சு."

ராஜமாணிக்கம் கல்லை வாங்கினார். சில்லை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு அப்படியே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். சட்டைப்பையிலிருந்த புகாரை எடுத்துத் தானே நாலாகக் கிழித்தார். திருடனைப் பிடித்துக் கொடுத்தால் தருவதாகச் சொன்ன கூலியை அவர் தனக்கே தந்துகொள்வாரா என்று சிவபிரகாஷ் கேட்க வாயெடுத்தான். இந்திராணி அவன் காலை மிதித்தாள்.

ஆனால் ரூபாவின் முகத்தில் சந்தோஷம் இல்லை. தன் மேலிருந்த பழி போய்விட்டது, ஆனால் கல்லுக்கு நேர்ந்தது நேர்ந்துவிட்டது. அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். பழைய தடங்கள் எல்லாம் மங்கல். தீக்கு முன் பெயர்த்த இடங்கள் அப்படித்தான் இருக்கும். ராஜமாணிக்கம் தரையில் அடித்ததில் தெறித்ததாக இந்திராணி சொன்ன இடம் மட்டும் பளபளக்கிறது. அது தீக்குப் பின் பெயர்ந்தது. ஆக, அந்தக் காலத்து ஆள் இந்தக் கல்லைச் சுடாமலேயே செதுக்கியிருக்கிறார். அவள் தேடி அலைந்த பதில் அதுதான், கல்லிலேயே இருக்கிறது. ஆனால் சிவந்துபோன கல்லைப் பார்க்கிறவர்கள் எல்லாம் அதைச் சுட்டது ஆதிவாசி என்றுதான் எழுதுவார்கள்.

"சுட்டது யாரு, எப்போ, எதுலன்னு நீங்க எழுதிக் குடுக்கணும் சார். இல்லேன்னா இந்தக் கல்லு பொய் சொல்லிட்டே இருக்கும்."

எதில் என்று எழுதினால் மணல் வரும். மணல் வந்தால் எங்கிருந்து என்ற கேள்வி வரும். ராஜமாணிக்கம் இந்திராணியைப் பார்த்தார். கேட்பார்களா என்றார். கேட்பார்கள் என்றாள் அவள். அதில் அவரை ஏமாற்ற அவளுக்கு மனமில்லை.

ராஜமாணிக்கம் சிப்பி மேட்டுப் பக்கம் பார்த்தபடி இருந்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"எழுதிக்க அம்மிணி. கடல் மணலுன்னே எழுதிக்க. ஃபைன் போட்டா கட்டிக்கறேன், லைசென்ஸை நிறுத்துனாலும் பாத்துக்கறேன். ஆனா இத்தனை வருசமா கல்லு யாவாரம் பண்றவனுக்குத் தன் கல்லே அடையாளம் தெரியலைன்னு மட்டும் எழுதிப்போடாத."

ரூபா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தாள். அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அதுதான் சார் சாட்சியே. உங்களுக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு மாறியிருக்குன்னா, அதைவிடப் பெரிய ஆதாரம் எனக்கு எங்க கிடைக்கும்?"

ராஜமாணிக்கம் கையை நீட்டி அவளிடமிருந்து பேனாவையும் தாளையும் வாங்கிக்கொண்டார். மூட்டைமேலேயே குனிந்து எழுதத் தொடங்கினார். பெயர், தகப்பனார் பெயர், ஊர், தொழில். தொழில் என்ற இடத்தில் மட்டும் பேனா சற்று நின்றது. பிறகு மணலையும் டிரம்மையும் எழுதினார். தன் கல்லைத் தானே வேக வைத்துவிட்டு அதைத் தேடி ஆள் வைத்ததை எழுதினார். ஒரு நல்ல பெண்ணை ஜெட்டியில் நாலு பேர் முன்னால் திருடி என்று சொன்னது தன் தவறு என்று, அவள் கேட்காமலேயே, கடைசியில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

ரூபா அந்த வரியை வாசித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். ராஜமாணிக்கம் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், அம்மிணிக்குக் கப்பல் தவறிவிடும் என்று சொல்லி ஜீப்பைக் கிளப்பப் போனார்.